மிலானில் இறங்கி மிலானில் ஏறுவது

புஹுஷி, ருமேனியா
8 பிப்ரவரி 2009

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே பனி இன்னும் முழங்கால் வரை கிடக்கிறது. அதைத் தவிர எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. நீ பார்த்துக்கொள்ளும் பாட்டி சிஞோரா அசுந்தாவுக்கு இருமல் நின்றதா? நீ ராத்திரியில் கொஞ்சமாவது தூங்குகிறாயா?

இத்தாலியிலிருந்து நெக்குலாய் மாமா வேனில் கொண்டுவந்த உன் மூட்டை நேற்று வந்தது. காப்பித்தூள் அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பிடித்ததாகச் சொல்ல மாட்டார். ஆலிவ் எண்ணெயை மருந்து போல் ஒரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டு அலமாரியில் மேலே ஏற்றிவிட்டார். எனக்கு அனுப்பிய ஷூ அழகாக இருக்கிறது. விரல் மடங்குகிறது. நீ நான்கு வருடத்துக்கு முன் கடைசியாகப் பார்த்த காலுக்கு வாங்கியிருக்கிறாய், அம்மா. அந்தக் கால் இப்போது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் "ம்", "சரி" என்று மட்டும் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ரிசீவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ என்ன கேட்கிறாய் என்பது அவருக்கும் கேட்கிறது. நான் என்ன சொல்வேன் என்பது எனக்கே தெரிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீ அவரிடம் என்னை அங்கே அழைத்துக்கொள்வது பற்றிப் பேசினாய் அல்லவா? போனை வைத்ததும் வெளியே போய் விறகு பிளக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே பிளந்த விறகு. சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தார்.

"உங்கம்மா உன்னை அங்க கூப்பிடறா. ஏதோ ஹோட்டல்ல சலவை வேலையாம். போறியா?"

போகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "தெரியல" என்று வந்தது.

"பாத்தியா. கடையில உப்பு எங்க இருக்குன்னு ஒருத்தன்கிட்ட கேக்க வாய் வராம, அலமாரி அலமாரியாத் தேடி, கடைசில சர்க்கரையத் தூக்கிட்டு வந்தவ நீ. நீ இத்தாலிக்குப் போயி யார்கிட்ட வழி கேப்பே? சுவத்துக்கிட்டயா?"

சர்க்கரை விஷயம் உண்மைதான். அது போன வருடம் நடந்தது, ஆனால் அவர் நேற்று நடந்த மாதிரி சொல்கிறார்.

எனக்கு அங்கே வர ஆசை, அம்மா. இதை அவர் முன்னால் சொல்ல முடியாது, காகிதத்தில் சொல்ல முடிகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் பேசுவது அப்பாவிடமும் கோழிகளிடமும்தான். கோழிகளிடம் கொஞ்சம் அதிகம்.

உன் மகள்,
ஸ்மரந்தா

*

ஒல்பியா, சார்தினியா தீவு, இத்தாலி
22 பிப்ரவரி 2009

என் தங்கமே ஸ்மரந்தாவுக்கு,

உன் கடிதத்தை நெக்குலாய் துறைமுகத்தில் வைத்துக் கொடுத்தான். வேனுக்குப் பக்கத்திலேயே நின்று படித்தேன். ஷூ பற்றி எழுதியிருந்த இடத்தில் நின்றுவிட்டேன். அவன், "என்னக்கா, யாருக்காவது உடம்பு சரியில்லையா" என்று கேட்டான். "இல்லடா, என் பொண்ணுக்குக் கால் வளந்திருச்சு" என்றேன். "வளரட்டுமே, அதுக்கு ஏன் அழறீங்க" என்றான். ஆண்பிள்ளைகளுக்கு இது புரியாது.

நல்ல செய்தி சொல்கிறேன். உன் அப்பா சம்மதித்துவிட்டார். முழுச் சம்மதம் இல்லை, அவர் பாணியில் ஒரு சம்மதம். போனில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரே ஒரு தடவ நோட்டரிகிட்ட கையெழுத்துப் போடறேன். துணைக்கு ஒரு பெரியவங்க கூட வரணும். வழியில ஏதாவது குளறுபடியாகி அவ திரும்பி வந்தா, பதினெட்டு முடியற வரைக்கும் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது." உனக்குப் பதினெட்டு முடிய இன்னும் இரண்டு வருடம். என்னால் இன்னொரு இரண்டு வருடம் பொறுக்க முடியாது, கண்ணே. ஆகவே இந்த ஒரு தடவையில் நீ வந்து சேர்ந்தே ஆகவேண்டும்.

வேலை மே மாதம் தொடங்குகிறது. கடலோரத்தில் ஒரு ஹோட்டல். முன்பக்கத்தில் உனக்கு வேலை இல்லை, பின்னால் சலவைக்கூடத்தில்தான். பெரிய பெரிய இயந்திரங்கள் மட்டுமே இருக்கும். யாரும் உன்னை எதுவும் கேட்க மாட்டார்கள், நீயும் யாரிடமும் பேச வேண்டாம். உனக்காகத்தான் தேடித் தேடி அந்த இடத்தைப் பிடித்தேன். ராத்திரி என்னோடு என் சின்ன அறையிலேயே தூங்கலாம், சிஞோராவின் மகள் ஒப்புக்கொண்டுவிட்டாள்.

துணைக்கு நம் ப்ரோஃபிரா அத்தை. இங்கே இரண்டு தெரு தள்ளி ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறாள் அல்லவா, ஈஸ்டருக்கு ஊருக்கு வருகிறாள். திரும்பும்போது உன்னைக் கூட்டிவரச் சொல்லிக் கெஞ்சினேன். வேனில் இரண்டு நாள் ஆண்களோடு வருவதற்கு உன் அப்பா விடமாட்டார், விமானம்தான் என்றதும் அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு, "பதினொரு வருஷமா இத்தாலில இருக்கேன், எனக்குத் தெரியாத வழியா" என்றாள்.

நான் விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் கேட்டு வைத்திருக்கிறேன். பகாவிலிருந்து மிலானுக்கு ஒரு விமானம், மிலானிலிருந்து ஒல்பியாவுக்கு ஒன்று. மிலானில் இறங்கி மிலானில் ஏறவேண்டும், அவ்வளவுதான். பகாவ் பஸ் நிலையத்தில் ஒரு மேடையில் இறங்கி அடுத்த மேடைக்குப் போவதில்லையா, அது மாதிரி.

காலை ஒரு காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு.

உன் அம்மா,
வியோரிகா

*

புஹுஷி
15 மார்ச் 2009

அன்புள்ள அம்மாவுக்கு,

கால் வரைந்த காகிதம் உள்ளே இருக்கிறது. சாக்ஸ் போட்டு வரைந்தேன், ஆகவே கொஞ்சம் குறைத்துக்கொள்.

நோட்டரியிடம் போய் வந்தோம். அப்பா கல்யாணக் கோட்டு போட்டுக்கொண்டார். நோட்டரி அம்மா கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "நீ உன் சொந்த விருப்பத்துலதான் போறியா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

"தலையாட்டறது பேப்பர்ல ஏறாது, பாப்பா. வாயால சொல்லு."

சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். தட்டச்சு செய்யும் பெண்ணுக்குக் கேட்டது, நோட்டரிக்குக் கேட்கவில்லை. மூன்றாவது தடவை அப்பா, "ஆமாங்கறா மேடம்" என்றார். "நீங்க சொல்லக் கூடாது, அவதான் சொல்லணும்" என்று நோட்டரி அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான்காவது தடவைதான் ஏறியது. வெளியே வந்ததும் அப்பா எனக்கு ஒரு டோனட் வாங்கிக் கொடுத்தார். அவர் எதுவும் சொல்லாமல் வாங்கிக் கொடுத்தால் கவலைப்படுகிறார் என்று அர்த்தம்.

அந்தக் காகிதத்தில் என் பெயரோடு ப்ரோஃபிரா அத்தையின் பெயரும் இருக்கிறது. அத்தையோடு போனால்தான் அது செல்லும். தனியாக நான் எல்லையைத் தாண்ட முடியாது.

டிக்கெட்டை அத்தையின் அக்கா மகன் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் கடையில் எடுத்துக் கொடுத்தான். இரண்டையும் பத்து தடவை படித்துவிட்டேன். ஒன்றில் மிலான் பெர்காமோ என்றும் மற்றதில் மிலான் மல்பென்சா என்றும் போட்டிருக்கிறது. அப்பாவிடம் காட்டினேன். "ஒண்ணு வர்ற வாசல், ஒண்ணு போற வாசலா இருக்கும்" என்றார். அப்படித்தான் இருக்க வேண்டும். காலையில் இறங்கினால் சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது, வாசலைத் தேடிக்கொள்ளலாம்.

யாரும் எதுவும் கேட்காத வேலை என்று எழுதியிருந்தாய். நன்றி, அம்மா. அப்பாவிடம் சொன்னதற்கு, "அப்ப இங்கயே இருக்கலாமே, இங்கயும் யாரும் எதுவும் கேக்கறதில்ல" என்றார்.

உன் மகள்,
ஸ்மரந்தா

*

ஒல்பியா
29 மார்ச் 2009

என் செல்ல மகளுக்கு,

உன் பாதத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். சிஞோரா அசுந்தா தினமும் பார்த்து, "இது யாரு, வியோரிகா" என்று கேட்கிறார். "என் பொண்ணு" என்றால், "நல்ல பொண்ணு" என்கிறார். மறந்துவிட்டு மறுநாளும் கேட்கிறார். தினமும் ஒரு தடவை உன்னை நல்ல பெண் என்று சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி நெக்குலாய் நம் ஈஸ்டர் முடிந்துதான் வருவான், ஆகவே இதுதான் நீ புறப்படுவதற்கு முன் நான் எழுதும் கடைசிக் கடிதம். கவனமாகப் படி.

ப்ரோஃபிராவின் பாவாடை நுனியை விடாதே. அவள் நட என்றால் நட, உட்கார் என்றால் உட்கார். சத்தம் போடுவாள், மனசு நல்லது. நீயாக எங்கேயும் போகாதே, யாரிடமும் எதுவும் கேட்காதே. நீ கேட்க நினைத்து நிற்பாய், அதற்குள் அவர்கள் போய்விடுவார்கள், நீ அங்கேயே நின்றுகொண்டிருப்பாய். எனக்கு உன்னைத் தெரியும். ஐந்து வயதில் சந்தையில் தொலைந்து போனபோது நீ அழக்கூட இல்லை. முட்டைக்கோஸ் வண்டிக்குப் பக்கத்தில் முட்டைக்கோஸ் மாதிரியே நின்றிருந்தாய்.

உன்னை வரச்சொல்லித் தப்புச் செய்கிறேனோ என்று ராத்திரியில் தோன்றுகிறது. இந்தக் கடலை வேனோடு கப்பலில் தாண்டி வந்தபோது எனக்கு நாற்பது வயது, அப்போதே ராத்திரி முழுக்கக் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. உனக்குப் பதினாறு.

ஏப்ரல் 28ஆம் தேதி சாயங்காலம் நான் ஒல்பியா விமான நிலையத்தில் நிற்பேன். அந்த ஒரு சாயங்காலத்துக்குத்தான் விடுப்புக் கிடைத்திருக்கிறது. உங்கள் விமானத்துக்குப் பிறகு அன்றைக்கு மிலானிலிருந்து வேறு விமானம் கிடையாது. அதில் நீ இல்லாவிட்டால் மறுநாள் உன் அப்பா என்ன சொல்வார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஷூ ஒரு அளவு பெரிதாகவே வாங்கியிருக்கிறேன்.

உன் அம்மா,
வியோரிகா

*

மல்பென்சா
28 ஏப்ரல் 2009

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை நெக்குலாய் மாமா கொண்டுவர மாட்டார். நானே கொண்டுவருகிறேன். விமானத்துக்குக் கூப்பிடும் வரை ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது, ரொட்டி சுற்றிய காகிதம் இருக்கிறது, எழுதுகிறேன். ஒல்பியாவில் இறங்கியதும் முதலில் ப்ரோஃபிரா அத்தையின் வாய்தான் திறக்கும். அதற்கு முன் இதை உன் கையில் கொடுத்துவிடுவேன். நீ படித்து முடிக்கும் வரை அவரைப் பேச விடாதே.

பகாவில் எல்லாம் நன்றாகவே நடந்தது. போலீஸ்காரர் நோட்டரி காகிதத்தைப் பார்த்து, "கூட யாரு?" என்றார். "நான்தான், வேற யாரு" என்று அத்தை சொன்ன சத்தத்தில் பின்னால் இருந்த குழந்தை அழுதது. காகிதத்தை அத்தை திரும்ப வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மிலானில் இறங்கினோம். அதாவது மிலான் என்று டிக்கெட்டில் போட்டிருந்த இடத்தில். அத்தை ஒரு காப்பிக் கடைக்கு எதிரே மூன்று நாற்காலிகளைப் பிடித்தார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு, ஒன்று ஊரிலிருந்து கொண்டுவரும் பாலாடைக்கட்டி மூட்டைக்கு. சிவப்புச் சாயம் போட்ட ஈஸ்டர் முட்டைகளை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"உக்காருடி. சாயங்காலம் வரைக்கும் நேரம் கெடக்கு. கூப்பிடுவாங்க."

"யாரு அத்தை?"

"யாரா? விமானக்காரன்தான். பதினொரு வருஷத்துல நெக்குலாய் ஒரு தடவையாவது பேரு வாசிக்காம வண்டிய எடுத்திருக்கானா? போன வருஷம் ஒருத்தி கழிப்பறைக்குப் போயி தூங்கியே போயிட்டா. அவளுக்காக வேனை நிறுத்தி வச்சிருந்தான். ஆளை விட்டுட்டுப் போறவன் ஒரு டிரைவரா?"

அது உண்மைதான். நம் ஊரில் வேனில் போகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். சொன்ன இடத்தில் மூட்டையோடு உட்கார வேண்டும், பெயரை வாசிப்பார்கள், "இருக்கேன்" என்றால் போதும். நானும் உட்கார்ந்தேன். நீ எழுதியபடி.

எதிரே ஊர்ப் பெயர்கள் ஓடும் பெரிய பலகை இருந்தது. எனக்கு வேறு வேலை இல்லை, அதையே படித்துக்கொண்டிருந்தேன். லண்டன் வந்தது, போனது. மாட்ரிட் வந்தது, போனது. ஒல்பியா வரவே இல்லை. எங்களுக்குப் பின்னால் கிளம்பும் விமானங்கள் கூட வந்துவிட்டன, ஒல்பியா இல்லை.

"அத்தை, போர்டுல ஒல்பியா இல்ல."

"என்னடி முணுமுணுக்கற?"

"ஒல்பியா இல்ல."

"வரும். சின்ன ஊரு. கடைசியாப் போடுவான்."

இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அம்மா, அந்த நேரத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். எனக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது, ஏதோ தப்பு என்று. தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் யாரிடமாவது கேட்டால், கேட்டது தப்பாகிவிட்டால், எல்லோரும் பார்ப்பார்களே என்று உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருப்பேனே, அதே மாதிரி. அப்போது பலகையில் எங்கள் விமானத்தின் நேரத்துக்கே ஒரு வரி வந்தது. ஒல்பியா என்றுதான் இருக்கும் என்று எழுந்து நின்றுவிட்டேன். டப்ளின் என்று இருந்தது.

"கழிப்பறைக்குப் போறேன் அத்தை" என்று பொய் சொல்லிவிட்டு விசாரணை மேசைக்குப் போனேன். வரிசையில் என் முறை வந்ததும் எனக்குப் பின்னால் இருந்தவரை முன்னால் போகச் சொன்னேன். மூன்று பேரை அப்படி அனுப்பினேன். நான்காவதாக வந்த அம்மா போக மாட்டேன் என்றுவிட்டார், "உன் முறைதானே, நீ போ" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார். மேசையில் இருந்தவர் இளைஞர், நம் பக்கத்து வீட்டு அலெக்ஸே அண்ணன் வயது இருக்கும். நான் இரண்டு டிக்கெட்டையும் மேசையில் வைத்து, "எங்கே?" என்று நம் மொழியில் கேட்டேன். நம் பேச்சும் அவர்கள் பேச்சும் ஒன்றுவிட்ட அக்கா தங்கை மாதிரி, அவர் மெதுவாகப் பேசினால் எனக்குப் புரிந்தது.

"இது பெர்காமோ. நீ இருக்கறது இங்க. இது மல்பென்சா. அது வேற விமான நிலையம்மா."

"ரெண்டும் மிலான்தானே?"

"பேருக்கு ரெண்டும் மிலான்தான். ஆனா ரெண்டுக்கும் நடுவுல மிலானே இருக்கு. எண்பது கிலோமீட்டருக்கு மேல."

எண்பது கிலோமீட்டர். நம் வீட்டிலிருந்து பகாவுக்கு மூன்று தடவை போகிற தூரம். நேராகப் போகும் பஸ் அப்போதுதான் போயிருந்தது, அடுத்ததற்குக் காத்திருந்தால் விமானம் போய்விடும். மிலான் நடுவில் ரயில் நிலையத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து மல்பென்சாவுக்கு இன்னொரு பஸ், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். "சாலை காலியா இருந்தா போய்ச் சேந்துடலாம், ஆனா இப்பவே கிளம்பணும்" என்றார். நான் போகாமல் நின்றேன். மறுபடி ஒரு தடவை வழியைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, மறுபடி சொன்னார்.

திரும்பி வந்தால் அத்தை இரண்டாவது முட்டையில் இருந்தார்.

"அத்தை, நாம தப்பான எடத்துல உக்காந்திருக்கோம். இது வேற மிலான்."

"யாரு சொன்னது?"

"அந்த மேசையில இருக்கற அண்ணன்."

"உன்னை யாரு கேக்கச் சொன்னா? வாயே தொறக்காதவ இன்னிக்குத்தான் தொறக்கணுமா? வேற மிலானாம். மிலானுக்கென்ன ரெட்டைப் பிள்ளையா? உக்காரு. பதினொரு வருஷமா இத்தாலில இருக்கேன், நேத்திக்கு வந்த குட்டி எனக்குச் சொல்லித் தர்றா."

சுற்றி இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. தனியாகப் போய்விடலாமா என்று தோன்றியது. ஆனால் காகிதம் அவர் பையில் இருந்தது, காகிதத்தில் அவர் பெயர் இருந்தது. அவரை விட்டுவிட்டு நான் எங்கே போக முடியும்? அவர் உட்கார்ந்திருந்தால் நானும் உட்கார்ந்திருக்க வேண்டும், விமானம் போய்விடும், நீ அங்கே வாசலில் நின்று எல்லோரும் வெளியே வந்த பிறகும் நின்றுகொண்டிருப்பாய், பிறகு இரண்டு வருடம்.

நான் கத்தினேன், அம்மா. என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது.

"எழுந்திருங்க அத்தை. இங்க யாரும் நம்ம பேரைக் கூப்பிட மாட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தாலும் கூப்பிட மாட்டாங்க."

காப்பிக் கடைக்காரர் கையில் கோப்பையோடு நின்றுவிட்டார். அத்தை என்னைப் பார்த்தார். கையில் பாதி உரித்த முட்டை. நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஸ்மரந்தா, எனக்கு ஒண்ணும் தெரியாதுடி."

"என்ன அத்தை?"

"பதினொரு வருஷத்துல நான் பாத்தது அந்தக் கெழவரோட வீடு, ரொட்டிக் கடை, கோயில், நெக்குலாய் வண்டி நிக்கற எடம். அவ்வளவுதான். இங்க எழுதியிருக்கறத எனக்குப் படிக்கவும் வராது. எந்திரிச்சு நடந்தா தொலைஞ்சு போயிடுவேன்னுதான் உக்காந்திருக்கேன்."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. முட்டைக்கோஸ் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

"தொலைய மாட்டீங்க. பாலாடைக்கட்டி மூட்டைய நான் எடுத்துக்கறேன். நீங்க பெரிய பையை இழுங்க" என்றேன். எழுந்தார்.

முதல் பஸ் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. நெடுஞ்சாலையில் ஏதோ லாரி சறுக்கி நின்றிருந்தது, வண்டிகள் எல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தன. அத்தை சிலுவை போட்டுக்கொண்டே வந்தார். நான் சாலையோரத்துப் பலகைகளில் கிலோமீட்டரைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவில் அத்தை ஒரு முழு ஜெபத்தை முடித்துவிடுவார், அவ்வளவு மெதுவாகப் போனது. "நெக்குலாய் வேன்லயே போயிருக்கலாம்" என்றார். "வேனுக்கும் இதே ரோடுதான் அத்தை" என்றேன். ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்துவிட்டு, "ஆமால்ல" என்றார். அவர் என்னிடம் ஆமாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ரயில் நிலையம் நம் ஊர்த் துணி ஆலையை நாலு அடுக்கி வைத்தது போல இருந்தது. மல்பென்சா பஸ் எங்கே நிற்கும்? முதலில் ஒரு பெண்ணிடம் கேட்டேன். மெதுவாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, நிற்காமல் போய்விட்டாள். இரண்டாவது ஆளும் நிற்கவில்லை. மூன்றாவது ஆள் ஒரு குட்டை நாயைக் கூட்டிக்கொண்டு குடை பிடித்து வந்தார். அவர் வழியில் போய் நின்றுகொண்டேன். நகர்ந்தார், நானும் நகர்ந்தேன். "மல்பென்சா" என்றேன், கோழிகளைக் கூப்பிடுகிற குரலில். அவர் நாயைத் திருப்பிக்கொண்டு, எங்களை நிலையத்தின் மறுபக்கம் வரை கூட்டிப்போய், "அதோ" என்று காட்டினார்.

அதோ என்று காட்டியது கதவை மூடிக்கொண்டு கிளம்பும் பஸ். நான் ஓடினேன். கதவைக் கையால் தட்டினேன், ஒரு தடவை இல்லை, டிரைவர் நிறுத்தும் வரை தட்டினேன். கதவு திறந்தது.

"என்னம்மா, பஸ்ஸையே ஒடச்சுடுவே போல."

"மல்பென்சா. ரெண்டு பேர். எங்க அத்தை வர்றாங்க, நிப்பாட்டுங்க."

அவர் எட்டிப் பார்த்தார். பின்னால் அத்தை வந்துகொண்டிருந்தார். பையின் ஒரு சக்கரம் கழன்றுவிட்டது, அது கல்லில் உரசி வந்த சத்தத்துக்குப் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன.

"அது உங்க அத்தையா? நான் ரயில்தான் வழி தவறி வருதோன்னு நெனச்சேன்" என்றார். ஆனால் நின்றார். இறங்கி வந்து பையைத் தூக்கியும் கொடுத்தார்.

ஏறி உட்கார்ந்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு மிலானுக்குள் இரண்டு மிலான் இருந்தால், ஒரு மல்பென்சாவுக்குள்? முன்னால் போய் டிரைவரிடம் டிக்கெட்டைக் காட்டிக் கேட்டேன். அங்கேயும் இரண்டு கட்டடம் இருக்கிறதாம், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்து போக முடியாதாம். எங்களுக்கு எது என்று சொன்னார். அத்தையிடம் வந்து சொன்னபோது, "அதையும் கேட்டுட்டியா?" என்றார். "கேட்டுட்டேன்." "இன்னும் ஏதாவது இருந்தா அதையும் கேட்டுரு" என்று மறுபடி என்னை அனுப்பப் பார்த்தார்.

இறங்கி ஓடினோம். பெட்டி வாங்கும் மேசையில் இருந்த பெண் எழுந்து கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"ஒல்பியா மூடியாச்சு."

"இல்ல. இன்னும் மூடல" என்றேன். "உங்க விளக்கு எரியுது."

அவள் தலைக்கு மேலே இருந்த விளக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மழையில் நனைந்து, கையில் பாலாடைக்கட்டி மூட்டையோடு நான் எப்படி இருந்திருப்பேன் என்று தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்துவிட்டாள். "சீக்கிரம் வைங்க" என்றாள்.

வைத்தோம். வந்துவிட்டோம். இதோ விமானம் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறது, வாலில் மழை வழிகிறது.

அத்தைக்குக் குரல் திரும்பிவிட்டது. இரண்டு நாற்காலி தள்ளி ஒரு பெண்ணிடம், "நான்தான் சொன்னேன், பெர்காமோல உக்காந்திருந்தா வேலைக்காகாது, ரெண்டு பஸ்ஸா மாறிப் போயிருவோம்னு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். அவரும் அந்தப் பையை ஒற்றைச் சக்கரத்தில் இழுத்துக்கொண்டு ஓடினார், ஒரு தடவை கூட உட்கார்ந்துவிடவில்லை. ஊரில் இந்தக் கதை அவர் சொல்கிறபடிதான் பரவும். நீ மட்டும் சரியாகத் தெரிந்துகொண்டால் போதும்.

அம்மா, எனக்காக நீ தேடிப் பிடித்த இடத்துக்கு மே முதல் தேதி போவேன். துணி மடிப்பேன். ஆனால் அங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நீ எழுதியிருந்தது சரியாக இருக்காது. நான் கேட்பேன். சம்பளம் எப்போது என்று கேட்பேன், இத்தாலி மொழி சாயங்காலத்தில் எங்கே கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேட்பேன். உன்னிடமும் கேட்க நான்கு வருடத்துக் கேள்விகள் இருக்கின்றன. அறை சின்னது என்றாய், பரவாயில்லை.

வரிசை நகர ஆரம்பித்துவிட்டது. அத்தை கையை ஆட்டுகிறார், முன்னால் என்னை நிற்கச் சொல்கிறார்.

நாளைக்கு அப்பா போன் செய்து பயணம் எப்படி என்று கேட்பார். துணைக்கு ஒரு பெரியவங்க வரணும் என்று சொன்னாரே, அவர்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் என்று சொல்.

உன் மகள்,
ஸ்மரந்தா